ஸ்பீக்கர் உறுமுகிறதா? எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். பாட்டு ஓடும்போது தெரியாது, இரண்டு பாட்டுக்கு நடுவில் எரிச்சலைக் கிளப்பும். இதற்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் வைத்தியம், "எர்த் பின்னைக் கழட்டிட்டுப் போடுங்க சார், நின்னுடும்" என்பதுதான். பல சமயம் நின்றும்விடும். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை வீடுகளில் நிலைத்திருக்கிறது.

ஆம்ப்ளிஃபையருக்குள் லைவ் வயர் நழுவி இரும்பு கேபினெட்டைத் தொட்டால், கரண்ட் எர்த் வழியே இறங்கி ஃபியூஸைப் போக்கும், அல்லது ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். பின்னை வெட்டியாகிவிட்டதென்றால் 230 வோல்ட்டும் கேபினெட்டிலேயே நிற்கும், வால்யூமைத் திருக வரும் கைக்காக. பழுது எதுவும் இல்லாத கருவியிலும் தொல்லை உண்டு. பல கருவிகளில் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாதபோது சுமார் 115 வோல்ட் கேபினெட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனாலும் டெஸ்டர் எரியும், விரல் சுர்ரென்னும்.

இதைவிட மோசமான வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் எர்த்தே இல்லையென்று பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த நொடியே ஆம்ப்ளிஃபையரின் வெளிக்கூடு லைவ் ஆகிவிடும். யார் சொன்னாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

சரி, உறுமல் எங்கிருந்து வருகிறது? கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு எர்த், இரண்டையும் சேர்க்கும் ஆர்சிஏ கேபிளின் (பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் சாதாரண ஆடியோ ஒயர்) வெளிப்பின்னல். ஒரு முழு வளையம் ஆகிவிட்டது. இரண்டு எர்த்துக்கும் உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசத்தால் அந்தப் பின்னலில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அதுவும் பாட்டுதான், பெருக்கிக் கொடுக்கிறது.

அடுத்த தவறு, வளையம் எதுவென்று பார்க்காமலேயே விலை கூடிய கேபிளும் பவர் கண்டிஷனரும் வாங்குவது. காசு செலவில்லாத சோதனை இது: வால்யூமைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்து, பின்னால் உள்ள எல்லா இன்புட்டையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்குள்ளே. பழைய செட் என்றால் பவர் சப்ளை கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். உறுமல் நின்றுவிட்டால், இன்புட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். எதை மாட்டும்போது திரும்புகிறதோ அதுதான் ஆள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சத்தம் இல்லையென்றால் வழி சார்ஜர்தான்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது செட்டாப் பாக்ஸ். மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி வரும் கேபிள் டிவி ஒயரின் பின்னல், தெருவில் உள்ள மற்ற வீட்டுப் பெட்டிகளின் கசிவையும் சுமந்து வரும். அந்த ஒயரை மட்டும் கழற்றி உறுமல் நின்றால், அங்கே ஒரு கோஆக்ஸியல் ஐசோலேட்டர் போதும்; சிக்னலை மட்டும் விட்டு, பின்னல் வழியே வரும் கரண்ட்டைத் தடுக்கும் சின்னக் கருவி அது. டிடிஹெச் டிஷ்ஷுக்கு இது உதவாது. அதே ஒயர் வழியேதான் பெட்டியிலிருந்து டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. சாதாரண ஐசோலேட்டர் அதையும் நிறுத்திவிடும், படமே வராது.

எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் பாயின்ட்டிலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஓட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சாதாரண வீட்டு ஹைஃபை செட்டுக்கு 6 ஆம்பியர் பாயின்ட் தாராளம். ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதோடு வரும் மெல்லிய எர்த் வயரை ஃபோனோ இன்புட் பக்கத்துத் திருகில் மாட்ட மறக்கக் கூடாது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், அங்கே துளி உறுமல் விழுந்தாலும் பெரிதாகக் கேட்கும்.

டிவியால் உறுமல் என்றால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுவது நல்ல வழி. அதில் போவது வெளிச்சம் மட்டும், மின்சாரத் தொடர்பே இல்லை. அந்த வழியில் எர்த் வளையம் உருவாகவே முடியாது. ஆனால் மாட்டியதும் சத்தமே வரவில்லை, அல்லது 'கர்ர்' என்று இரைச்சல் வருகிறது என்று டேக்கை (DAC, டிஜிட்டல் சிக்னலை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. டேக் நன்றாகத்தான் இருக்கும். டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் 'ஆட்டோ'விலோ 'பிட்ஸ்ட்ரீம்'மிலோ இருந்தால் டால்பி சிக்னல் போகும். சாதாரண ஸ்டீரியோ டேக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. செட்டிங்கில் 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஆடியோ) என்று மாற்றுங்கள். கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் அனுப்பி ஆப்டிகலில் விட்டுவிட்டுக் கேட்டால் 96-க்கு இறக்குங்கள்.

டிஜிட்டல் ஆடியோவைச் செம்பு ஒயரில் அனுப்பும் கோஆக்ஸியல் டிஜிட்டலின் சாக்கெட் சாதாரண ஆர்சிஏ போலவே இருப்பதால், அந்த அவுட்புட்டை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் இன்புட்டில் செருகிவிடுகிறார்கள். இரைச்சல்தான் வரும், அது டேக்கின் டிஜிட்டல் இன்புட்டுக்குப் போக வேண்டியது. இதற்கென்று தனி கேபிள் தேடி அலைய வேண்டாம், பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ கேபிள் 75 ஓம்தான், சின்னத் தூரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இது செம்பு, எர்த் வளையத்தை அறுக்காது. யுஎஸ்பியும் அப்படித்தான். யுஎஸ்பி ஐசோலேட்டர் வாங்குவதானால் வேகத்தைப் பார்த்து வாங்குங்கள்: மலிவானவை பல 12 மெகாபிட்டோடு நின்றுவிடும், 480 மெகாபிட்டில் ஓடும் டேக்கைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமலே போகலாம்.