பழைய மவுண்டன் பைக்கை அதன் காலத்துப் பாகங்களோடு எழுப்புவது எப்படி

கொடைக்கானலில் பழைய பங்களா கைமாறும்போது ஷெட்டிலிருந்து சில சமயம் ஒரு கியர் சைக்கிள் வெளியே வரும். எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளின் தொடக்கத்திலோ வெளிநாட்டுக்காரர் யாரோ கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போன மவுண்டன் பைக். ஏரியைச் சுற்றி வாடகைக்கு ஓடும் சைக்கிள்களை ரிப்பேர் பார்ப்பது என் பிழைப்பு. இந்தப் பழசுகள் ஆசைக்கு. அப்படி ஒன்று உங்களிடம் வந்தால் பெயிண்ட் அடிக்கும் யோசனையை முதலில் விடுங்கள். கீறல் விழுந்த ஒரிஜினல் பெயிண்டுக்கும் ஸ்டிக்கருக்கும் இருக்கிற மதிப்பு புதுப் பளபளப்புக்குக் கிடையாது.

அடுத்து வண்டியின் வயசு. ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் பாகங்களில் உள்பக்கத்தில் பொடியாக இரண்டு ஆங்கில எழுத்து அடித்திருக்கும். முதல் எழுத்து வருஷம்: ‘ஏ’ என்றால் 1976, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ‘என்’ 1989, ‘ஓ’ 1990. இரண்டாவது எழுத்து மாதம். ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். க்ராங்க் (பெடல் மாட்டும் கை), டீரெய்லர் (கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பாகம்), பிரேக் மூன்றும் ஒரே காலத்தைக் காட்டினால் யாரும் கைவைக்காத வண்டி. ஒன்று மட்டும் நாலைந்து வருஷம் பிந்தியிருந்தால் அது பிறகு மாற்றியது, அதற்குப் பதிலாகத்தான் அந்தக் காலத்துப் பாகத்தை நீங்கள் தேட வேண்டும். 1990 வண்டியில் ஷிமானோ வி-பிரேக் (நீளக் கைகளைப் பக்கவாட்டில் கேபிள் இழுக்கும் வகை) இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1996 மாடல் வரிசையில் வந்த சரக்கு. அந்த வண்டிக்கு உரியது கேன்டிலீவர் பிரேக், அதாவது இரண்டு கைகளையும் ஒரு குறுக்குக் கேபிள் மேலே இழுக்கும் பழைய வகை.

முன் பல்சக்கரம் முட்டை வடிவில் இருந்தால் பெண்ட் எடுக்கிறேன் என்று யாரையும் சுத்தியல் தூக்க விடாதீர்கள். பக்கத்தில் ‘பயோபேஸ்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதன் பிறவி வடிவமே அப்படித்தான். நல்லதைத் தூக்கிப் போட்டுவிட்டு வட்டச் சக்கரம் மாட்டிய வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

நிஜமான வேலை சீட் பில்லரில், அதாவது சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள் இறங்கும் குழாயில் இருக்கிறது. அலுமினிய பில்லர், இரும்பு ஃப்ரேம், நம்ம ஊர் ஈரம். மூன்றும் பல வருஷம் சேர்ந்திருந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அடித்தால் ஃப்ரேம்தான் கிழியும். பெடல், க்ராங்க், பிபி (க்ராங்க் சுழலும் அடிப்பகுதி, பாட்டம் பிராக்கெட்) ஆக்சில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இடது பெடலுக்கும், பெரும்பாலான வண்டிகளில் வலது பிபி கப்புக்கும் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். பிறகு வண்டியைக் கவிழ்த்து வைத்து, பிபி ஓட்டை வழியாக சீட் குழாய்க்குள் துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். பில்லரின் அடி முனைக்கு எண்ணெய் போய்ச் சேர இதுதான் வழி. மேலிருந்து ஊற்றினால் விளிம்போடு நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் வீணாய்ப்போன பழைய சீட் ஒன்றை மாட்டி, அதைப் பிடித்து இடமும் வலமும் திருகுங்கள். இழுக்கக் கூடாது. மயிரிழை அசைந்தால் மறுபடி எண்ணெய், மறுபடி திருகல். அசையவே இல்லையென்றால் பில்லருக்குள் பொடி ஐஸைத் திணியுங்கள். இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குவது அலுமினியம்.

வெளியே வந்த பில்லரில் அடித்திருக்கும் அளவு எண் தேய்ந்து அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தைப் பாருங்கள். 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மில்லிமீட்டர் படியாகப் போகும். ஒரு படி குறைந்ததைப் போட்டு கிளாம்ப்பை இறுக்கினால் குழாய் வாய் நெளியும். திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.

ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஓவர்ஹால் சுலபம். பால்ஸ் உருளும் கோன், கப்பை மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸை (பேரிங் குண்டுகளை) மட்டும் புதிதாகப் போடுங்கள். ஷிமானோ என்றால் பெரும்பாலும் முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ஸ், அளவு 3/16 இஞ்ச். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு கால் இஞ்ச். எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

டயர் வாங்கும்போது வெறுமனே ‘26 இஞ்ச்’ என்று கேட்டால் கடைக்காரர் 26 × 1 3/8 எடுத்து நீட்டுவார். அது நம்ம ஊர் சாதா சைக்கிளுக்கு, ரிம்மில் உட்காராது. 1.95, 2.125 என்று புள்ளி போட்டு எழுதியது வேண்டும். ஓரத்தில் 559 என்று (ரிம் அளவு, மில்லிமீட்டரில்) இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

காலத்துக்கு ஏற்ற பாகம் என்கிற பிடிவாதத்தை ரப்பரிலும் கேபிளிலும் காட்டாதீர்கள். முப்பது வருஷப் பிரேக் கட்டை கல்லாகியிருக்கும். மஞ்சு இறங்கிய வத்தலக்குண்டு ரோட்டில் அது பிடிக்காது. பிரேக் கை பழையதே இருக்கட்டும், கட்டையும் ஒயரும் கண்டிப்பாகப் புதுசு. இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும் குறுக்குக் கேபிளைச் சற்றுத் தாழ்வாக அமைத்தால் பிடி பலமாக இருக்கும். லீவரைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டிவரும், அவ்வளவுதான். டயருக்கு மேலே போதிய இடைவெளி விடுங்கள். கேபிள் நழுவினால் டயரில் மாட்டும்.

முதல் ஓட்டம் ஏரியைச் சுற்றி, சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர். திரும்பியதும் க்ராங்க் போல்ட்டை ஒரு இறுக்கு, தளர்ந்த பிரேக் கேபிளை ஒரு இழுப்பு. சில்வர் கேஸ்கேட் அருவிப் பக்கத்து இறக்கமெல்லாம் அதற்கு அப்புறம்.