மலைச்சு நிக்கிறது எப்பிடி: திருகோணமலையில இருந்து செய்து பாக்க

என்ட தங்கச்சிட மகன் ஒவ்வொரு நாளும் விடிய வட்ஸ்அப் ஸ்டேட்டஸில ஒரு தத்துவம் போடுவான். "மௌனத்தின் ஆழமே சொல்லின் உயரம்" இந்த மாதிரி. பின்னுக்கு ஒரு சூரிய உதயப் படம், அதுவும் எங்கயோ வெளிநாட்டு மலை. இவன்ட வீட்டில இருந்து பத்து நிமிசம் நடந்தா கடலுக்குள்ளால சூரியன் எழும்புறத நேரயே பாக்கலாம், அது வேற கதை.

அதால உண்மையா மலைச்சு நிக்கவேணுமெண்டா முதல் வேலை, இப்பிடிச் சும்மா ஆழமாத் தெரியிறத வடிகட்டுறது. ஒரு வசனம் ஆழமா இருக்கெண்டு பட்டா அத மாத்திப் போட்டுப் பாருங்கோ: "சொல்லின் ஆழமே மௌனத்தின் உயரம்". இதுவும் அதே அளவு ஆழமாத்தானே இருக்கு? அப்ப ரெண்டிலயும் ஒண்டுமில்ல. 2015ல கோர்டன் பெனிகுக் எண்டுற உளவியலாளரும் அவரோட சேர்ந்த ஆக்களும் இத ஆராய்ச்சியாவே செய்தவை. கம்ப்யூட்டர் பெரிய பெரிய சொல்லுகளக் குலுக்கிப் போட்டு உண்டாக்கின அர்த்தமில்லாத வசனங்களுக்கும் கனபேர் ஆழமெண்டு புள்ளி போட்டிருக்கினம். மருமகன மட்டும் குறை சொல்லேலாது.

அப்ப உண்மையா மலைச்சுப் போறது எண்டா என்ன? கெல்ட்னர், ஹைட் எண்டுற ரெண்டு உளவியலாளர்கள் 2003ல எழுதினதில ரெண்டு விசயம் சொல்லுகினம். உங்கள விடப் பெரிசா ஒண்டு முன்னால நிக்கவேணும், அது உங்கட மண்டைக்குள்ள ஏற்கெனவே இருக்கிற பெட்டிக்குள்ள அடங்காம நிக்கவேணும். நான் இதோட மூண்டாவதா ஒண்டு சேர்ப்பன்: உங்கட கையாலயோ காலாலயோ அளக்கக்கூடிய ஏதாவது ஒண்டு வேணும், இல்லாட்டி "பிரபஞ்சம் எவ்வளவு பெரிசு" எண்டு சொல்லிட்டு கொட்டாவி விட்டுட்டுப் போயிருவீங்க.

சரி, செய்து பாக்கலாம். சித்திரை, வைகாசி மாசம், நிலவில்லாத இரவு, எட்டு ஒன்பது மணிபோல நிலாவெளிப் பக்கம் போங்கோ (உப்புவெளியில ஹோட்டல் லைட்டுகள் கண்ணக் குத்தும்). நுளம்புக்கு ஏதாவது பூசிட்டுப் போங்கோ, நான் பூசாமப் போய் அரைவாசி நேரம் கால் சொறிஞ்சுகொண்டுதான் இருந்தன். ஃபோன உள்ள வச்சிட்டு இருவது நிமிசம் சும்மா இருங்கோ, கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு கடல் வலக்கைப் பக்கமா வாறமாதிரி வடக்க பாத்து நில்லுங்கோ. மேல ஏழு வெள்ளி, சப்தரிசி மண்டலம், கலியாணத்தில அருந்ததி காட்டுறது இதுக்குள்ளதான். அதில வால் இல்லாத அந்தத்தில இருக்கிற ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு கீற்றிக்கொண்டு கீழ வந்தா அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல தனிய ஒண்டு நிக்கும், அதுதான் துருவ நட்சத்திரம். மருமகனக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினா "இதுவா மாமா, இவ்வளவு மங்கலா?" எண்டான். ஓம், மங்கல்தான், கீழ்வானத்தில மூட்டம் பிடிச்சிருந்தா அதுவும் தெரியாது, இன்னொரு நாள் வரவேணும்.

இப்ப கைய நேர நீட்டி முட்டியப் பொத்தி, முட்டிட கீழ் விளிம்ப அடிவானத்தில வையுங்கோ. துருவ நட்சத்திரம் முட்டிட மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழ நிக்கும். நீட்டின முட்டி ஒண்டு கிட்டத்தட்ட 10 பாகை, எங்கட ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்க எட்டரைப் பாகையில இருக்கு, துருவ நட்சத்திரமும் அதே எட்டரையில. பூமத்திய ரேகைக்கு வடக்க எந்த ஊரில நிண்டாலும் இந்தக் கணக்கு இப்பிடித்தான். அதாவது கைமுட்டிய நீட்டி, உருண்டைப் பூமியில நீங்க பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்க ஒட்டிக்கொண்டு நிக்கிறீங்கள் எண்டு அளந்திட்டீங்க.

இன்னும் எழும்பவேண்டாம். அந்த வெளிச்சம் அங்கயிருந்து இங்க வர 430, 450 வருசம் எடுக்குது. இண்டைக்கு உங்கட கண்ணில விழுறது 1500கள்ட கடைசியில வெளிக்கிட்டது. அப்ப கோணமலையில பழைய கோயில் நிண்டது, சம்பந்தர் பாடின கோயில். வெளிச்சம் வந்துகொண்டிருக்கேக்க 1622ல போர்த்துக்கேயர் அத இடிச்சு, கல்லுகளக் கோட்டை கட்ட எடுத்தாங்கள், கொஞ்சத்தக் கடல் கொண்டு போச்சு. வெளிச்சம் இன்னும் வந்துகொண்டே இருந்தது. 1950களில கடலுக்குள்ள இறங்கின ஆக்கள் செதுக்கின தூண்களக் கண்டாங்க, திரும்பக் கோயில் கட்டுப்பட்டுது, அதுக்குப் பிறகுதான் அது உங்களிட்ட வந்து சேர்ந்தது. எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்ட அண்டைக்கு கொஞ்சநேரம் வாய் திறக்கேல்ல, என்னத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும் அது லேசில நடக்காது.

இதே வேலைய பகலில அந்தக் கோயில் நிக்கிற கோணேசர் மலையிலயும் செய்யலாம். இராவணன் வெட்டு எண்டுற பாறைப் பிளவுப் பக்கம் நிண்டு கீழ பாத்தாலே கால் கூசும், ஆனா தண்ணி தொடங்கிற இடத்தில மலை முடியிறமாதிரி நினைக்காதீங்கோ, எங்கட கரைக்குக் கிட்டவே கடலுக்கடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு ஆயிரம் மீட்டருக்கு மேல இறங்குது. நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வாறதுக்கு அதுவும் ஒரு காரணம். பங்குனியில இருந்து ஆவணிமட்டும் கண்ண வச்சிருந்தா சிலநேரம் மேலயிருந்தே நீர் பீச்சுறது தெரியும். ரெண்டு பெரிய பஸ்ஸ ஒண்டுக்குப் பின்னால ஒண்டா விட்ட நீளம் அது, ஆனா அங்கயிருந்து பாத்தா வெள்ளையா ஒரு கீறல், அவ்வளவுதான்.

செல்ஃபி எடுக்கிறதெண்டா எடுங்கோ, ஆனா தள்ளி நிண்டு, உங்கட உருவம் சின்னனா விழ. 2020ல வந்த ஒரு ஆராய்ச்சியில வயசான ஆக்கள கிழமைக்கு 15 நிமிசம், எட்டுக் கிழமை, இப்பிடிப் புதினம் பாத்து நடக்கச் சொல்லிப் படமும் எடுக்கச் சொன்னவை. போகப்போக அவையட படத்தில அவையட உருவம் பிடிக்கிற இடம் குறைஞ்சுகொண்டு வந்ததாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில இந்த அளவைக் கணக்கெல்லாம் தேவையில்ல. ஏழு கிணறு, ஏழுக்கும் சூடு வேற வேற. எரிமலை ஒண்டுமில்ல, மழைத்தண்ணி பாறை வெடிப்பால ஆழத்துக்கு இறங்கி சூடாகித் திரும்பி வருது. அம்மம்மாட அந்தியேட்டிச் சடங்குக்கு (செத்தவைக்குச் செய்யிறது) அங்க போய்த் தலையில வாளித் தண்ணி ஊத்தேக்க, செத்தவீட்டில கூட அழாத மாமா அந்தச் சூடு பட்டவுடன அழுதார். ஏனெண்டு நான் கேக்கேல்ல. அடுத்த கிணத்தடிக்குப் போய் வாளிய இறக்கினன், அது இன்னும் சூடு.