ஆஃப் சீசனில் மலையூருக்குப் போவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆஃப் சீசனில் முதன்முதலாக ஒரு சின்ன மலையூரில் போய் இறங்கியபோது மாலை ஐந்தரை மணி. அதற்குள் இருட்டிவிட்டது. விடுதிக் கதவு திறந்திருந்தது, சமையலறை பூட்டியிருந்தது. பையில் கிடந்த அரை பாக்கெட் பிஸ்கட்தான் அன்றைய ராத்திரிச் சாப்பாடு. அதற்குப் பிறகு பல தடவை போய்ப் பழகிவிட்டேன். டிக்கெட் எடுப்பது, அறை தேடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஏன் சீசன் இல்லை?

மழையா, கடுங்குளிரா, இல்லை வெறுமனே பள்ளி விடுமுறை முடிந்துவிட்டதா? மூன்றாவது காரணம் என்றால் யோசிக்காமல் கிளம்பலாம், கூட்டம் மட்டும்தான் குறைந்திருக்கும். மழை என்றால், ஊர் மலைத்தொடரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேப்பில் பாருங்கள். காற்று வந்து மோதும் பக்கம் மழையை வாங்கிக்கொள்ளும், மறுபக்கம் மழைமறைவு. குளிர் என்றால் ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்து வெயிலைப் பார்த்துத் துணி எடுத்துவைக்காதீர்கள்.

படி 2: போன் பண்ணுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். "ரூம் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். பொய் சொல்லவில்லை, ரூம் இருந்தது. வேறு எதுவும்தான் இல்லை. ஆள் வராத மாதங்களில் சமையல்காரர் லீவில் போயிருப்பார், கீசரை அணைத்து வைத்திருப்பார்கள், மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றியிருக்க மாட்டார்கள். முன்பதிவு ஆப்பை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதில் தேதி திறந்திருக்கும், விடுதி திறந்திருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அதனால் ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கவே கூடாது. "சாப்பாடு உண்டா?" என்றால் பழக்கதோஷத்தில் "உண்டு" என்றுதான் வரும். "நான் வர்ற அன்னிக்கு ராத்திரி யார் சமைப்பாங்க?" என்று கேளுங்கள். எதிர்முனையில் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், உண்மை வெளியே வந்துவிடும். வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கரண்ட் போனால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடும்? கடைசியாக, அந்த அறையில் முன்னால் ஆள் தங்கியது எப்போது? வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையில் மெத்தை ஈரம் கோத்திருக்கும். முதல் நாளே ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் வெயில் விழும் பக்கத்து அறையாகக் கேளுங்கள்.

ரோப் கார் மாதிரி எதையாவது நம்பிப் போகிறீர்களா? பராமரிப்பு வேலையை ஆள் இல்லாத மாதத்தில்தான் வைத்துக்கொள்வார்கள். அதையும் விசாரித்துவிடுங்கள்.

படி 3: மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்

போன் காட்டும் சூரிய அஸ்தமனம் சமதரைக்கான கணக்கு. மேற்கே உயரமான மலை நின்றால் வெயில் அதற்கு வெகுநேரம் முன்பே போய்விடும், குளிர் உடனே இறங்கும். கடைகளும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். ஆள் குறைந்தால் முதலில் நிற்பது அந்தப் பஸ்தான்.

படி 4: பை

குடை வேண்டாம், மலைக்காற்றில் ஒரே நாளில் கம்பி திரும்பிவிடும். முழு ரெயின்கோட் போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மெல்லிய துணி மூன்று நல்லது. கைவிளக்கை விட நெற்றியில் கட்டும் விளக்குதான் என் கட்சி, கரண்ட் போன குளியலறையில் இரண்டு கையும் வேண்டும். மேப்பை ஊரிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், போனைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எதுவும் வேக நேரமாகும். பசிப்பதற்கு முன்பே சாப்பாடு சொல்லிவிடுங்கள்.

படி 5: சொந்த வண்டியில் போனால்

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீம் போதும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

பின்சேர்க்கை 1: கேமரா லென்ஸில் ஆவி படிந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் முன் கேமராவைக் காற்றுப் புகாத கவரில் போட்டு மூடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு எடுக்கலாம்.

பின்சேர்க்கை 2: குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். போர்வை இன்னொன்று கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: மண்சரிவில் பாதை அடைபட்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கவேண்டி வந்ததாம் ஒருவருக்கு. அதனால் படி 2-இல் இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்த ரோடு அடைச்சா, கீழே இறங்க வேற எந்த வழி?"