சிறிய காரில் சப்வூஃபர்: பணத்தை முதலில் கம்பியில் போடுங்கள்

காரைக்குடியில் கார் மின்வேலை செய்கிறேன். என் கொட்டகைக்கு வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: முதலில் பெரிய ஸ்பீக்கர், பிறகு ஆம்ப்ளிபையர், மிச்சப் பணத்தில் ஏதோ ஒரு கம்பி. கையில் பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையை அப்படியே திருப்பிவிடுங்கள். கம்பி, பியூஸ், எர்த், பெட்டி நான்கும் முதலில். ஸ்பீக்கர் கடைசியில்.

கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது ஆழமான அடித்தொனியில், உருப்படியாக எதையும் தர முடியாது. அந்தக் குறையை நிரப்புவதுதான் சப்வூஃபர் என்னும் அடித்தொனி ஸ்பீக்கர். பத்து அங்குலத்தில் அது ஒன்றும், உண்மையான 200 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றும் ஒரு சிறிய காருக்கு ஏராளம். பிள்ளையார்பட்டித் திருவிழாவில் நேரில் கேட்ட தவிலின் கனம் காருக்குள்ளும் கிடைக்கும்.

“உண்மையான” என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் மேல் 1,200 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருக்கும் எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, தேடுங்கள். அதிலும் நம்பிக்கை இல்லையென்றால் ஆம்ப்ளிபையரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் பியூஸ் என்றால், எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 276 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். ‘கிளாஸ் டி’ என்கிற புதுவகை ஆம்ப்ளிபையரில் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். பழைய ‘ஏபி’ வகையில் பாதிக்குச் சற்று மேலே, மீதி வெறும் சூடு. இந்த ஒரு பெருக்கல் கணக்கு தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

200 வாட் தரும் கிளாஸ் டி, உச்சத்தில் 18 ஆம்பியர் அளவுக்கே இழுக்கும். இதற்கு இரண்டாவது பேட்டரி வேண்டாம், பெரிய கெப்பாசிட்டரும் வேண்டாம். அந்தப் பணம் மிச்சம்.

பழைய சாமான் வாங்கலாம், தவறில்லை. மல்டிமீட்டரை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரின் ‘காயில்’ (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். ஸ்பீக்கரின் முகப்பில் அதிரும் கூம்பை இரண்டு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் ‘காயில்’ கெட்டிருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். ஆம்ப்ளிபையரை மோந்து பாருங்கள். கருகிய வாடை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் போகாது.

இப்போது கம்பி. மலிவான ‘ஆம்ப்ளிபையர் கிட்’ கம்பிகளில் பல, மேலே செம்பு பூசிய அலுமினியம். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதைத் தொடாதீர்கள். வீட்டு மின்சாமான் கடையில் 10 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்புக் கம்பியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பானட்டிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 ஆம்பியர் ஓடும்போது இதில் 0.17 வோல்ட் மட்டுமே குறையும். அதே வேலையை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் செய்தால் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், கம்பியும் சுடும்.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 30 ஆம்பியர் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். இந்த பியூஸ் காப்பது ஆம்ப்ளிபையரை அல்ல, கம்பியை. வழியில் எங்காவது கம்பியின் தோல் கிழிந்து தகட்டில் பட்டால், இது இல்லாத காரில் தீ பிடிக்கும். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு, அதன் வழியாகவே கம்பியை நுழையுங்கள். எஞ்சின் பகுதியில் மேலுறைக் குழாயும் மாட்டுங்கள். எல்லா வேலையும் முடியும் வரை பியூஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஆம்ப்ளிபையரிலிருந்து வண்டித் தகட்டுக்குப் போகும் எர்த்துக்கும் அதே தடிமன் கம்பி, நீளம் ஒன்றரை அடிக்குள். டிக்கித் தகட்டில் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும் வரை சுரண்டி, கம்பி முனையில் லக் (துளையுள்ள உலோக முனை) அழுத்தி, போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். “சத்தம் வெட்டி வெட்டி வருகிறது அண்ணே” என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த எர்த் போல்ட்டைத்தான்.

மின்கம்பி இடப்பக்கம் போனால் பாட்டுக் கம்பி வலப்பக்கம் போகட்டும். சேர்ந்து போனால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஒரு கீச்சொலி ஏறி இறங்கும். ஸ்டீரியோவின் பின்னால் வெள்ளைக் கோடு போட்ட நீலக் கம்பி ஆம்ப்ளிபையரை எழுப்புவதற்கானது. கம்பெனி ஸ்டீரியோவில் அது பெரும்பாலும் இருக்காது. ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சைகை எடுத்துத் தானாக எழும் ஆம்ப்ளிபையராகப் பார்த்து வாங்கினால் ஸ்டீரியோவை மாற்றும் செலவு இல்லை.

பெட்டிக்கு நம் ஊர் ஆசாரிகளைவிட வேறு யார் வேண்டும்? ஆனால் இடித்த வீட்டின் தேக்குப் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதைக் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் கிடக்கும் டிக்கிக்குள் மரப்பலகை சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். போதும், வேலை நடக்கிற வீட்டில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டாலே தருவார்கள். வெளி அளவு 36, 36, 26 சென்டிமீட்டர் வைத்தால் உள்ளே 23.5 லிட்டர் வரும். மூடிய பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். உங்கள் ஸ்பீக்கரின் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் தாள் சொல்வதே சரி. பசை, திருகு, உள் மூலைகளில் சிலிக்கான். முடிந்ததும் கூம்பை அழுத்திவிட்டால் அது மெதுவாக மேலே வர வேண்டும். சட்டென்று வந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெட்டியைப் பட்டை போட்டு வண்டியோடு கட்டுங்கள். திடீர் பிரேக்கில் அது உங்கள் பிள்ளைகளின் முதுகுக்குத்தான் வரும்.

சரிசெய்யும் வேலையை அவசரமில்லாமல் செய்யுங்கள். ஆம்ப்ளிபையரில் அடித்தொனியை ஏற்றும் பேஸ் பூஸ்ட் சுழியில், மேல்தொனியைத் தடுக்கும் வடிகட்டி 80 ஹெர்ட்ஸில். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஸ்டீரியோவின் முக்கால் அளவு சத்தத்தில் ஓடவிடுங்கள். ஆம்ப்ளிபையர் முனையில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, 28 வோல்ட் காட்டும் வரை கெயின் என்கிற பெருக்க அளவுத் திருகைத் திருப்புங்கள். 200 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது அது. உங்கள் ஸ்பீக்கர் 150 வாட்தான் தாங்கும் என்றால் 24 வோல்ட்டில் நிறுத்துங்கள். பிறகு ஸ்பீக்கரை மாட்டி, அதன் இரு கம்பிகளையும் ஒருமுறை இடம் மாற்றிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் எந்த இணைப்பில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் அதிர்ந்தால் பின்னால் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு.

குன்றக்குடி மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்பியிருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். பாட்டை நிறுத்திச் சற்றுப் பொறுத்துப் பார்க்கையில் 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். 12.2 தெரிந்ததும் எஞ்சினைப் போடுங்கள், இல்லையென்றால் பாட்டை நிறுத்துங்கள்.