பரணில் ஏற்றும் முன் பெட்டியைக் கவனியுங்கள்

ஊரிலிருந்து வந்ததும் டிராலி பெட்டியை அப்படியே பரணில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் சக்கரங்களைப் பாருங்கள். அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும்; சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுங்கள். ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று கடலோரம் போய்வந்திருந்தால் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து உலர்த்துவது அவசியம். உப்பு பட்டால் அச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள், தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஜிப் இறுகினால் பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

உள்ளே வாடை வந்தால் கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து ஓர் இரவு மூடிவையுங்கள். பிறகு நிழலில், திறந்தபடி, நன்றாகக் காயவிடுங்கள். போன ஐப்பசி மழையில் ஈரம் காயாமல் மூடிவைத்து என் பெட்டியின் உள்துணி முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுத்தான் மூடுகிறேன்.