டிடிஎச் ரெக்கார்டர் மக்கர் செய்கிறதா? பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா

ரெக்கார்ட் செய்த சீரியல் பாதியில் நிற்கிறது. ரிமோட்டை அமுக்கினால் பத்து விநாடி கழித்துத்தான் பெட்டி முழித்துப் பார்க்கிறது. திடீரென்று தானே அணைந்து தானே எழுகிறது. உடனே கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "சார், உங்களுக்கு அப்கிரேட் ஆஃபர் இருக்கு" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதற்குச் சரி சொல்வதற்கு முன்னால் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் பெட்டியை மாற்றினால், பழைய கோளாறு புதுப் பெட்டிக்கும் கூடவே வரும். கேபிள் கோளாறு என்றால் கட்டாயம் வரும்.

தேவையானவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர் (இருந்தால் நல்லது), இரவல் கேட்க அதே வோல்ட் அடாப்டர் வைத்திருக்கும் ஒரு பக்கத்து வீடு.

முதலில் ரெக்கார்டிங்குகளைக் காப்பாற்றுங்கள்

டிடிஎச் ரெக்கார்டரில் பதிவாகும் எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் பதிவாகும். பூட்டின் சாவி அந்தப் பெட்டியிலும் அதன் ஸ்மார்ட் கார்டிலும் இருக்கிறது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினாலும், அதே மாடல் வேறு பெட்டியில் மாட்டினாலும் படம் வராது. டேட்டா ரிகவரி கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஃபைலை மீட்டாலும் அது ஓடாது. அந்தச் செலவு வேண்டவே வேண்டாம்.

அதனால் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும். மகள் ஆடிய டிவி நிகழ்ச்சி மாதிரி திரும்பக் கிடைக்காத பதிவு ஏதாவது இருந்தால், பெட்டியின் பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். அதில் ஒரு யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியைச் செருகி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு கம்ப்யூட்டரில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. எச்டி தரமும் இருக்காது. எச்டிஎம்ஐ வழியாக எடுக்கப் பார்த்தால் காப்புப் பூட்டு காரணமாகக் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

இது முடியும்வரை மெனுவில் ஃபேக்டரி ரீசெட், ஃபார்மட் என்று எதையும் தொடாதீர்கள்.

கெட்டது எது? நான்கு சந்தேகங்கள்

பெட்டி கெட்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வதை நான்காகப் பிரிக்கலாம்: சிக்னல், மின்சாரம், ஹார்டு டிஸ்க், மெயின் போர்டு. இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் இரண்டும் மலிவில் முடிகிறவை.

*சிக்னல்.* நேரலையிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா, ரெக்கார்டிங்கில் மட்டுமா? ஒரு சோதனை: உடைந்த இடத்துக்கு ரீவைண்ட் செய்து மறுபடி பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நொடியில், அதே மாதிரி உடைந்தால், பதிவாகும்போதே சிக்னல் அப்படி வந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். ஒரு முறை இங்கே, மறுமுறை அங்கே என்று திக்கித் திக்கி நின்றால் டிஸ்க் படிக்கத் திணறுகிறது.

மெனுவில் சிக்னல் பக்கத்தில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு அளவுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி பூஜ்ஜியம் என்றால் டிஷ் திசை மாறியிருக்கலாம். இரண்டும் பூஜ்ஜியம் என்றால் வயர் அறுந்திருக்கும், அல்லது எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் கருவி) போயிருக்கும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பெட்டிக்கு டிஷ்ஷிலிருந்து பெரும்பாலும் இரண்டு வயர் வரும். ஒரு வயர் மட்டும் பழுதானால் வேடிக்கையான குழப்பம் வரும்: டிவி பார்க்கலாம், ஆனால் ரெக்கார்டிங் மட்டும் தோற்கும். ஹார்டு டிஸ்க் மேல்தான் பழி விழும். இரண்டு வயரையும் பின்பக்கம் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் தப்பு வயரிலோ எல்என்பியிலோதான், பெட்டியில் இல்லை.

மொட்டை மாடிக்குப் போய் எல்என்பி பக்கத்து கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த வயரில் 13 அல்லது 18 வோல்ட் போய்க்கொண்டிருக்கும், நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் உரசினால் பெட்டிக்குள் சேனலைப் பிடிக்கும் டியூனர் பாழாகும். நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாலு அங்குலம் வெட்டித் தள்ளிவிட்டு, புது கனெக்டர் போட்டு, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 1, 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி முறுக்கி, மேலே டேப் சுற்றினால் போதும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்குப் பகலில் குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம் மட்டும் படம் போனால் எதையும் கழற்ற வேண்டாம். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் காலம் அது, தானே சரியாகும்.

*மின்சாரம்.* அதிகம் ஏமாற்றுவது இதுதான். பெரிய 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். சுழன்றபின் அதில் கால்வாசிகூட வேண்டாம். வயதான அடாப்டர் அந்த முதல் இழுப்பைத் தாங்காது. வோல்டேஜ் சரிகிறது, டிஸ்க் "டிக்" என்று நிற்கிறது, பெட்டி மறுபடி தொடங்குகிறது, மறுபடி "டிக்". கேட்பவர் எவரும் டிஸ்க் போச்சு என்றுதான் சொல்வார்.

அடாப்டரைத் தனியாக மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் ஒழுங்காகக் காட்டும். சுமை இல்லாதபோது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல், அதே பின் அளவு, அதே துருவக் குறி (+, − எந்தப் பக்கம் என்பது) உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்ப்பதே சரியான சோதனை. ஆம்பியர் கூடினால் பரவாயில்லை. வோல்ட் கூடக் கூடாது. இதுதான் கோளாறு என்றால் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிந்தது.

பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கும் மாடலும் உண்டு. அதில் மேல்மூடி உப்பிய கபாசிட்டர்கள் (சின்ன உருளை வடிவப் பாகங்கள்) கண்ணுக்கே தெரியும். அதை மாற்றுவது எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குச் சின்ன வேலை, ஆனால் புதிதாகக் கற்பவர் கை வைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

*ஹார்டு டிஸ்க்.* ரெக்கார்டரில் இது ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காக, நீங்கள் ரெக்கார்ட் பொத்தானைத் தொடாவிட்டாலும் ஓடும் சேனல் டிஸ்கில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். எச்டி சேனலுக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் அது 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் 86 ஜிபி, வருஷத்துக்கு 31 டெராபைட். வீட்டு கம்ப்யூட்டரின் டிஸ்க் இதில் ஒரு சின்னப் பங்குகூட எழுதாது. இதோடு மே மாதச் சூடு, மூடிய கண்ணாடி அலமாரி, பெட்டியின் மூச்சுத் துளைகளை அடைக்கும் பூப்போட்ட துணி. அந்தத் துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

டிஸ்கை உறுதியாகப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பெட்டி உங்கள் சொந்தமாகவும் வாரண்டி முடிந்ததாகவும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்:

1. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருங்கள்.
2. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. டிஸ்குக்குப் போகும் சாட்டா வயர் (தகவல் போகும் வயர்), பவர் வயர் இரண்டையும் உருவுங்கள்.
4. மூடியைத் திரும்பப் போட்டபின் பெட்டியை ஆன் செய்யுங்கள்.

ரெக்கார்டிங் இல்லை என்று சத்தம் போட்டாலும், நேரலை தடங்கல் இல்லாமல் ஓடி, ரிமோட்டும் சுறுசுறுப்பானால் குற்றவாளி டிஸ்க்தான், அல்லது அதன் இழுப்பைத் தாங்காத பவர் சப்ளை. நல்ல அடாப்டரை வைத்து ஏற்கனவே சோதித்திருந்தால் இரண்டாவது சந்தேகமும் தீர்ந்தது. டிஸ்க் இல்லாமலும் பெட்டி விழுந்து விழுந்து எழுந்தால் மெயின் போர்டு போயிருக்கிறது. அதற்கு மேல் செலவழிக்காதீர்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் டிஸ்கை ஒரு யுஎஸ்பி டாக்கில் (டிஸ்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) மாட்டி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். விண்டோஸ் "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மட்" செய்யவா என்று கேட்டால் கேன்சல்தான். பட்டியலில் ரீஅலொகேட்டட் செக்டார்ஸ் (கெட்டுப்போய் மாற்றி வைத்த இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டார் (படிக்கத் திணறும் இடங்கள்) ஆகிய இரண்டு வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். எண்கள் எழுத்தும் கலந்த ஹெக்ஸ் முறையில் இருக்கலாம், கவலை வேண்டாம். பூஜ்ஜியம் எந்த முறையிலும் பூஜ்ஜியம்தான், அதுதான் நல்லது. பெண்டிங் வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்குக்கு விடை கொடுங்கள்.

டிஸ்க் மாற்றுவது எப்போது லாபம்

பெட்டி யாருடையது என்பதே முதல் கேள்வி. வாடகைத் திட்டத்தில் வந்ததென்றால் திறக்கவே கூடாது, நிறுவனத்திடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். சொந்தப் பெட்டி என்றால் அடுத்த கேள்வி வயது. எம்பெக்-2 என்ற பழைய படச் சுருக்க முறை மட்டும் புரிகிற, எச்டி வராத பழைய பெட்டிக்கு எந்தப் பழுதும் லாபமில்லை.

வாங்கும் டிஸ்க் சிசிடிவி ரெக்கார்டருக்கென்று விற்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைக் கண்டால் எப்படியாவது படித்துவிட வேண்டுமென்று பல விநாடி முட்டிக்கொண்டிருக்கும். அதுவரை படம் உறைந்து நிற்கும். சிசிடிவி வகை சீக்கிரம் கைவிட்டு முன்னே போகும். டிவிக்கு அதுதான் வேண்டும். பழைய டிஸ்க் 500 ஜிபி என்றால் புதியதும் 500 ஜிபி அல்லது 1 டிபி போதும். சில பெட்டிகள் பெரிய டிஸ்கைக் கண்டுகொள்ளாது. வேறு சில, கம்பெனி பொருத்திய டிஸ்கைத் தவிர எதையும் ஏற்காது. அதனால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள், அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சாட்டா டிஸ்க் ஒன்றை மாட்டி முதலில் சோதியுங்கள். மாட்டியதும் பெட்டி தானே ஃபார்மட் கேட்டால் வழி திறந்தது. அந்தச் சோதனை டிஸ்கில் இருந்தவை அழிந்துபோகும், மறக்காதீர்கள்.

புதுப் பெட்டியின் விலையில் பாதியைப் பழுதுச் செலவு தாண்டினால் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்கிரேட் என்று சொல்லித் தருவது என்ன?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டாடா ஸ்கை (இன்றைய டாடா பிளே) ப்ளஸ் 2008இல் வந்த காலத்தில் உள்ளேயே டிஸ்க் வைத்த ரெக்கார்டர் என்பது பெருமைக்குரிய பொருள். இன்று அப்கிரேட் என்ற பெயரில் கைக்கு வரும் டாடா பிளே பிஞ்ச் ப்ளஸ், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் போன்ற ஆண்ட்ராய்டு பெட்டிகளுக்குள் ஹார்டு டிஸ்கே கிடையாது. செயலிகள் ஓடும், இணையம் இருந்தால் விட்டுப்போன நிகழ்ச்சிகளில் சிலவற்றைப் பார்க்கலாம். சீரியலும் படமும்தான் உங்கள் தேவை என்றால் அது போதும், பதிவு செய்யும் பழக்கமே மறந்துவிடும். வீட்டில் நிலையான பிராட்பேண்ட் இல்லையென்றால் அது அப்கிரேட் இல்லை, இருந்ததும் போய்விடும்.

இன்னொரு வழி, யுஎஸ்பி துளை உள்ள எச்டி பெட்டியும் வெளியே ஒரு டிஸ்கும். மலிவு, டிஸ்க் கெட்டால் வேறொன்றைச் செருகலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலும் ஒரே டியூனர்தான். பதிவாகும்போது வேறு சேனல் பார்க்க முடியாமல் போகலாம். அப்பா கிரிக்கெட் பார்க்க, அம்மாவின் சீரியல் பின்னால் பதிவாகும் வீடு என்றால் சண்டை நிச்சயம். வாங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று: ஒன்றைப் பதிவு செய்யும்போது எந்தச் சேனலையும் பார்க்கலாமா? பதிவு வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டா? பெட்டியை மாற்றினால் பழைய பதிவுகள் ஓடுமா? மூன்றாவதற்குப் பதில் அநேகமாக "ஓடாது" என்றே வரும்.

நிறுவனத்தையே மாற்றும் யோசனை இருந்தால் வானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாடா பிளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரி கிழக்கில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேர் தெற்கில், தலைக்கு மேலே என்று சொல்லும் உயரம். சன் டைரக்ட் 93.5 டிகிரி. ஏர்டெல் 108.2 டிகிரி, அதற்கு டிஷ் கிழக்கு-தென்கிழக்கே நன்றாகச் சாய்ந்து திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தென்னையோ புது மாடியோ இருந்தால் முன்பணம் கட்டுமுன் டெக்னீஷியனை மாடிக்கு அழைத்துக் காட்டிவிடுங்கள்.

செய்தியும் டிடி தமிழும் போதும், மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு அதே 93.5 டிகிரியில் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. யுஎஸ்பி பதிவு உள்ள சாதாரண ஃப்ரீ-டு-ஏர் (கட்டணமில்லாச் சேனல்களுக்கான) பெட்டியில் அதன் பூட்டில்லாத சேனல்களைப் பதிவு செய்தால், அந்த ஃபைலை கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். தமிழ்ச் சேனல்கள் மட்டும் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பழைய ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ரிமோட், அடாப்டர், ஸ்மார்ட் கார்டு மூன்றையும் எண்ணிக் கொடுத்து, ரசீதில் பெட்டியின் சீரியல் எண் சரியாக இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். டிஷ்ஷில் மிச்சமாகும் இரண்டாவது வயரை அறுக்க வேண்டாம். முனையில் ஒரு மூடி போட்டு டேப் சுற்றி விட்டால், படுக்கையறையில் இன்னொரு பெட்டி வைக்கும்போது உதவும்.