மேமோகிராம் ரிப்போர்ட் கையில் வந்ததும் செய்யக் கூடாதவை

போன வாரம் பெருந்துறையிலிருந்து சொந்தக்காரப் பெண் ஒருத்தி மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, ரிப்போர்ட்டோடு வந்தாள். ஏழெட்டு வருடமாக அக்கம்பக்கத்துப் பெண்களை டாக்டரிடம் கூட்டிப் போய் வருகிறேன், அதனால் ரிப்போர்ட் வந்தால் முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். 2015-இல் நான் கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள்: "ஏனுங்கக்கா, ஊசி குத்துனா பரவிருமாமுல்லங்க?" கட்டியில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைத்தான் சொல்கிறாள். பயப்படாதீர்கள், தள்ளிப்போடாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

0 என்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பது

ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று போட்டு, படத்தில் பார்த்ததன் முடிவைச் சொல்ல 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். "பூஜ்யந்தானுங்க" என்று ரிப்போர்ட்டை பீரோவில் பூட்டி வைத்தார் எங்கள் தெரு அம்மா ஒருவர். 0 என்றால் இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னொரு படமோ, ஸ்கேனோ, பழைய படமோ வேண்டும் என்று பொருள். இப்படித் திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, ஆனால் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

3 என்றால் மூன்றாம் ஸ்டேஜ் இல்லை

புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. தைப் பொங்கலுக்கு எடுத்தால் ஆடி நோம்பிக்கு அடுத்த படம், அவ்வளவுதான்.

அடுத்த படத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போவது

மார்பகத்தில் படியும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரிப் படத்தில் தெரிந்து குழப்பும். வேண்டாம்.

ஊசிக்குப் பயந்து கட்டியை வெட்டி எடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 4 என்ற ஒரே எண்ணுக்குள் 2 சதவீத வாய்ப்பைத் தாண்டியதிலிருந்து 95-ஐ நெருங்குவது வரை எல்லாம் அடங்கும், ஆகவே சதையை எடுத்துப் பார்க்காமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. எனக்கு 4 வந்தபோது, ஊசி பட்டால் பரவும் என்ற வெறும் பேச்சை நம்பி ஒரு சின்ன நர்சிங் ஹோமில் "மொத்தமா எடுத்துருங்க" என்று நானேதான் கேட்டேன். எடுத்தார்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்றை வீட்டுக்காரரிடம் காட்டி "கொழுப்புக் கட்டிதானுங்க" என்றார்கள். லேபுக்கு அனுப்பவில்லை, அனுப்ப வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு நிழல். கோயம்புத்தூரில் டாக்டர் முதலில் கேட்டது, "பிளாக் எங்கம்மா?" வெட்டிய சதையை மெழுகில் பதித்து வைப்பார்களே, அது. எங்களிடம் பில்லைத் தவிர ஒன்றும் இல்லை. தழும்பா, திரும்ப வளர்ந்ததா என்று படத்தில் பிரிக்க முடியாமல், எதற்குப் பயந்து ஓடினேனோ அந்த ஊசியைத்தான் கடைசியில் குத்திக்கொண்டேன். மரத்துப்போக ஒரு ஊசி, ஸ்டேப்ளர் அடிப்பது மாதிரி டக்கென்று சத்தம், ஃபார்மலின் பாட்டிலில் சேமியாத் துண்டு போல நாலைந்து துணுக்கு, தையல்கூட இல்லை. வெறும் தழும்பு என்று வந்தது. முதலில் வெட்டியெடுத்தது என்னவென்று மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

புற்றுநோயாகவே இருந்தாலும் என்ன வகை, ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா, கீமோ முதலிலா ஆபரேஷன் முதலிலா என்பதெல்லாம் அந்தத் துணுக்கை வைத்துத்தான் முடிவாகும். தெரியாமல் வெட்டினால் ஓரத்தில் மிச்சம் நின்று மறுபடி கத்தி வைக்க நேரலாம். முதலில் ஊசி, அப்புறம்தான் கத்தி. எதை வெட்டினாலும் லேபுக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள்.

பழைய படத்தைத் தூக்கிப் போடுவது

புதுசாகத் தெரியும் புள்ளி மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது என்று பழைய படம்தான் சொல்லும்.

கையில் கட்டி தட்டுப்பட்டும் ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருப்பது

மேமோகிராமில் தெரியாத கட்டியும் உண்டு. ஸ்கேன் எடுங்கள்.

பெருந்துறைப் பெண்ணுக்கு 4ஏ, அதாவது 4-க்குள் சந்தேகம் குறைவான பிரிவு. வியாழக்கிழமை ஊசி. நானும் கூடப் போகிறேன், பாட்டிலில் அவள் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.